தொப்பையில் ஓடிய ரயில்

அக்கா: பொய் சொல்லாதேடா! நீதான் அப்பாவுக்கு ஒளிச்சு ஒளிச்சுத் தீனி...

தம்பி: நானா? நீதான் திருட்டுத்தனமா...

அக்கா: மெதுவாப் பேசு! உள்ளே அவரை எடை மிஷின்ல ஏத்தியிருக்காங்க. காதுல விழுந்துடப் போகுது.

தம்பி: குறைஞ்ச எடை திரும்ப ஏறினா முழங்கால் ஆபரேஷன் கிடையாதுன்னு டாக்டர் கறாராச் சொல்லிட்டார். அப்புறம் சுவரைப் பிடிச்சுக்கிட்டேதான் நடக்கணும். தெரியும்ல?

அக்கா: தெரிஞ்சுதான் கேக்குறேன். அப்பா தலையணைக்கு அடியில கேக் துண்டு எப்படி வந்துச்சு?

தம்பி: நான் பல் டாக்டர்க்கா. இனிப்புத் தின்னாதேன்னு ஊரையே திட்டுறவன்.

அக்கா: திட்டுறவன் சட்டைப் பையில எதுக்குடா கிரீம்?

தம்பி: அது... பற்பசை.

அக்கா: ரோஸ் கலர்ல? மேல செர்ரிப் பழத்தோட?

தம்பி: சரி, நீ ஓட்டுற பஸ்ல, உன் சீட்டுக்கு அடியில வெண்ணெய் பிஸ்கட் டப்பா எதுக்கு? பயணிகளுக்கா?

அக்கா: அது... எனக்குப் பசிச்சாத் தின்ன.

தம்பி: மாட்டிக்கிட்டியா!

அக்கா: போடா... நாம சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ அப்பாவுக்கு எவ்வளவு பெரிய தொப்பை! நாம ரெண்டு பேரும் தலை வச்சுப் படுத்தாலும் இடம் மிச்சம் இருக்கும்.

தம்பி: எங்கே மிச்சம்? தொப்புள்தான் எல்லைன்னு சொல்லிட்டு, காலைத் தூக்கி என் மூக்கு மேல போடுவே.

அக்கா: நீ ஜொள்ளு விட்டு அவர் பனியனை நனைப்பே!

தம்பி: அப்பா வயித்துக்குள்ள கடகடன்னு ரயில் ஓடுமே... அதுவும் உன் பக்கம்தான். என் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி கூட வராது.

அக்கா: அவர் சாப்பிட்ட கையோட காதை வைக்கணும். உனக்குப் பொறுமை ஏது?

தம்பி: அவர் சிரிச்சா நம்ம ரெண்டு மண்டையும் டங்குன்னு முட்டிக்கும்...

அக்கா: ம்... போன மாசம் அவர் அசந்து தூங்கிட்டிருந்தார். நான் சும்மா... தலை வச்சுப் பார்த்தேன்.

தம்பி: ஐம்பது வயசுலயா!

அக்கா: சிரிக்காதே! பத்தியச் சாப்பாட்டுல தொப்பை போயே போச்சுடா. எலும்பு குத்துது. ரயிலும் இல்ல, தண்டவாளமும் இல்ல.

தம்பி: வலது பக்கம் இன்னும் மோசம்.

அக்கா: உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: அது... சும்மா ஒரு யூகம்தான்.

அக்கா: அட திருட்டுப் பயலே!

அப்பா: என்ன சத்தம் இங்கே? உள்ளே நர்ஸ் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது.

தம்பி: எடை என்னாச்சுப்பா?

அப்பா: ஏறிடுச்சு. ஆபரேஷன் தள்ளிப் போச்சு.

அக்கா: இவனாலதாம்பா!

தம்பி: இவ பிஸ்கட்டாலதாம்பா!

அப்பா: உங்க கேக்கும் பிஸ்கட்டும் எந்த மூலைக்கு? பத்தாதுன்னு நானும் தனியா வாங்கித் தின்னேன்.

அக்கா: ஏம்பா! கால் என்னாகுறது?

அப்பா: கால் என் ஒருத்தனோடது. தொப்பை மூணு பேருக்கும் பொது. நான் தூங்குறேன்னா நினைச்சீங்க? ஆளுக்கொரு நாள் வந்தீங்க, தலை வச்சீங்க, சத்தம் காட்டாம எழுந்து போனீங்க. ரெண்டு நாளும் பனியன் நனைஞ்சிருந்துச்சே... அது வெறும் ஜொள்ளுதானே?