ஞாயிற்றுக்கிழமை வலைக்கு முன்னால் யார்?

மர்யுத்: அதெல்லாம் எனக்கு வேண்டாம் கோச். பட்டியல்ல என் பையன் பேரு ஏன் இல்ல? அதை மட்டும் சொல்லுங்க.

தார்மோ: மொதல்ல உக்காருங்க. கோட்டைக் கழட்டுங்க, காப்பி ஊத்தறேன்.

மர்யுத்: உங்க காப்பியே வேண்டாம். பதினோரு வருஷமா குடிச்சு வயிறு கெட்டதுதான் மிச்சம்.

தார்மோ: இன்னிக்குப் புதுசாப் போட்டது.

மர்யுத்: பேச்சை மாத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை அரையிறுதி. இந்த சீசன் பூரா கோலுக்கு நின்னவன் என் வெர்னெரி. இப்ப வந்து பாத்தா கதவுல ஒட்டியிருக்கற பட்டியல்ல இல்மாரி பேரு இருக்கு. பதினாறு வயசு அவனுக்கு. மீசை கூட இன்னும் வரல.

தார்மோ: மீசையை வச்சு யாரும் ஹாக்கி வட்டைத் தடுக்கறதில்ல, மர்யுத்.

மர்யுத்: எனக்குச் சிரிப்பு வரல.

தார்மோ: ...எனக்கும்தான் வரல.

மர்யுத்: மூணு வாரமா அவனை ஐஸ்ல இறக்கல நீங்க. ஏன்டான்னு கேட்டா, 'கோச் ஓய்வு குடுத்திருக்காரும்மா'ன்னான். சரி, அரையிறுதிக்காகப் பத்திரமா வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை கனடாவுல இருந்து ரெண்டு பேரு வர்றாங்க, ஆள் பாக்க. யாரைப் பாக்க வர்றாங்க? இல்மாரியவா?

தார்மோ: வெர்னெரியத்தான்.

மர்யுத்: ஜூன் மாசம் அங்க பசங்களைப் பொறுக்கி எடுக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி இதுதான் கடைசி மேட்ச். இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித் தரணுமா?

தார்மோ: வேண்டாம்.

மர்யுத்: அப்ப சொல்லுங்க.

தார்மோ: ஃபார்ம் இல்ல. அவ்வளவுதான்.

மர்யுத்: ஃபார்மா? நூறு அடிச்சா தொண்ணூத்தி மூணைத் தடுக்கறவனுக்கு ஃபார்ம் இல்லையா?

தார்மோ: கணக்கு வேற, கண்ணால பாக்கறது வேற. அவன்... அந்த அளவுக்கு இல்ல, மர்யுத். நாமதான் ஊதிப் பெருசாக்கிட்டோம்.

மர்யுத்: ...என்ன சொன்னீங்க?

தார்மோ: காதுல விழுந்திருக்கும்.

மர்யுத்: இதை நீங்க சொல்றீங்களா? நீங்க! ஆறு வயசுல அவனைக் கோலுல நிறுத்தினதே, பின்பக்கமா சறுக்கத் தெரியலைங்கறதுக்காக. எல்லாப் பெத்தவங்களும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு சிரிச்சாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன், அழக்கூடாதேன்னு. நீங்கதான் வந்து, 'இது யாரு வீட்டுப் பையன்? வட்டு மூஞ்சிக்கு நேரா வருது, கண்ணைச் சிமிட்ட மாட்டேங்கறானே'ன்னு கேட்டீங்க.

தார்மோ: கேட்டேன்.

மர்யுத்: பதிமூணு வயசுல, குளிர் தொடங்கறதுல இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் கையில மட்டையே குடுக்காம நிக்க வச்சீங்க. 'மட்டை இருந்தா கால் சோம்பேறி ஆயிரும்'னு சொன்னீங்க. தினமும் வீட்டுக்கு வந்து அழுவான். நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?

தார்மோ: கேட்டீங்க. போன்ல கத்துனீங்க.

மர்யுத்: ...அது ஒரு தடவை.

தார்மோ: மூணு தடவை. ஒரு தடவை என் பொண்டாட்டி எடுத்து, அவ வாங்கிக் கட்டிக்கிட்டா.

மர்யுத்: சரி, மூணு. ஆனா பையனை நிறுத்தினேனா? யூவாஸ்க்யூலாவுக்கு ஆடப் போய் எட்டு கோல் வாங்கினானே, பதினஞ்சு வயசுல... திரும்பி வர்றப்ப பஸ்ல ஒருத்தனும் அவன் பக்கத்துல உக்காரலையாம். நீங்க போய் உக்காந்தீங்களாம். அப்ப என்ன சொன்னீங்க அவன்கிட்ட?

தார்மோ: ஒண்ணும் சொல்லல. தூங்கிட்டேன்.

மர்யுத்: அதைத்தான் அவன் இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டிருக்கான். 'கோச் எம்மேல சாஞ்சு குறட்டை விட்டாரும்மா. எட்டு கோல் ஒண்ணும் உலகம் முடிஞ்சு போற விஷயம் இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது'ன்னு. அப்படி வளத்த பையனைப் பத்தி என் மூஞ்சிக்கு நேரா, அளவு இல்லைன்னு சொல்றீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. ஏன் ஜன்னலைப் பாக்கறீங்க?

தார்மோ: காப்பி ஆறிட்டிருக்கு.

மர்யுத்: நேத்து கிளப் மேனேஜர் எனக்கு போன் பண்ணினாரு.

தார்மோ: உங்களுக்கா?

மர்யுத்: 'கோச் பிடிவாதம் பிடிக்கறாரு, நீங்க போய்ப் பேசுங்க, உங்க பேச்சைக் கேப்பாரு'ன்னு சொன்னாரு.

தார்மோ: வீடு வரைக்கும் போயிட்டாரா...

மர்யுத்: உங்ககிட்ட என்ன சொன்னாரு?

தார்மோ: ஞாயித்துக்கிழமை வெர்னெரி நிக்கலைன்னா, திங்கக்கிழமை நான் இந்தப் பக்கம் வர வேண்டாமாம்.

மர்யுத்: ...அப்படியும் பேரை எடுத்துட்டீங்களா?

தார்மோ: எடுத்துட்டேன்.

மர்யுத்: ஃபார்ம் இல்லைங்கறதுக்காக வேலையை விடற ஆளு யாரு இருக்கா கோச்?

தார்மோ: ...வீட்டுல எப்படி இருக்கான்?

மர்யுத்: நல்லாத்தான் இருக்கான்.

தார்மோ: தூங்கறானா?

மர்யுத்: தூங்கறான். நெறையவே தூங்கறான். வளர்ற பையன்.

தார்மோ: வெளிய போறானா? அஞ்சு மாசத்துக்கு அப்புறம் வெயில் வந்திருக்கு. ஊரே வாசல்ல நின்னு மூஞ்சியக் காட்டிட்டு இருக்கு.

மர்யுத்: பனி மேல வெயில் அடிச்சா கண்ணு கூசுதாம் அவனுக்கு. ரூம்ல திரையைப் போட்டுக்கிட்டான்.

தார்மோ: எத்தனை நாளா?

மர்யுத்: நான் என்ன எண்ணிட்டா இருக்கேன்?

தார்மோ: மர்யுத்...

மர்யுத்: மூணு வாரமா. போதுமா? நேத்துக் காலைல கஞ்சி வச்சுக் குடுத்தேன். பால் ஊத்தினான். கிளாஸுக்குள்ள ஊத்தல, பக்கத்துல ஊத்தினான். மேஜை பூராப் பால்.

தார்மோ: என்ன சொன்னான்?

மர்யுத்: சிரிச்சான். நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் துணியை எடுத்துத் தொடச்சுக்கிட்டே... சிரிச்சோம்.

தார்மோ: கிளாஸ் ஒரு அடி தள்ளி அசையாம இருந்திருக்கும். வட்டு அப்படி நிக்காது.

மர்யுத்: ஜனவரில லஹ்தி மேட்ச்ல கோல் கம்பத்துல தலை மோதினதுதானே? அது ஆறிப்போச்சு கோச். ரெண்டு மாசம் ஆச்சு.

தார்மோ: நான் சொல்றது ஜனவரி இல்ல.

மர்யுத்: பின்ன?

தார்மோ: ...அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

மர்யுத்: என்ன வாக்கு? எனக்குத் தெரியாம அப்படி என்ன வாக்கு? பெத்தவ நான்!

தார்மோ: கத்தாதீங்க. பக்கத்து ரூம்ல பசங்க இருக்காங்க. சொல்றேன்... ரௌமா டீமோட ஆடின மேட்ச். பிப்ரவரி கடைசில.

மர்யுத்: நான் இருந்தேனே அதுல! நாப்பத்தோரு தடவை தடுத்தானே. கை வலிக்கற வரைக்கும் தட்டினேன்.

தார்மோ: ரெண்டாவது பீரியட் முடியறப்ப, நம்ம பய ஒருத்தன் சறுக்கிட்டு வந்து அவன் மேல விழுந்தான். அவன் முழங்கால் இவன் முகமூடில இடிச்சுது.

மர்யுத்: பாத்தேன். விழுந்தான், ஆனா உடனே எந்திரிச்சுட்டான். தண்ணி குடிச்சான்.

தார்மோ: குடிக்கல. பாட்டிலைத் தேடினான். பாட்டில் எப்பவும் இருக்கற எடத்துலதான் இருந்துச்சு, வலைக்கு மேல, கைக்கெட்டற தூரத்துல. அதைத் தேடினான் மர்யுத். வேர்வை கண்ணுல விழுந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மூணாவது பீரியடும் நிக்க விட்டேன். மேட்ச் முடிஞ்சு எல்லாரும் பாட்டுப் போட்டு ஆடிட்டிருந்தானுங்க. இவன் கழிப்பறையில வாந்தி எடுத்துட்டிருந்தான். கதவுக்கு வெளிய நான் நிக்கறேன். உள்ள இருந்து, 'அம்மாகிட்ட சொல்லிராதீங்க கோச்'னான்.

மர்யுத்: நீங்களும் சரின்னீங்க.

தார்மோ: ஒரு நிபந்தனை போட்டேன். நான் சொல்ற டாக்டர்கிட்ட வரணும், நான் சொல்ற வரைக்கும் ஐஸ்ல கால் வைக்கக் கூடாதுன்னு. மறுநாளே கூப்டுட்டுப் போனேன்.

மர்யுத்: டாக்டர் எனக்கு ஏன் சொல்லல?

தார்மோ: பதினேழு வயசு. வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்னு அவன் வாயால கேட்டுக்கிட்டான். அந்த டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்க, கேக்கல.

மர்யுத்: என்ன... என்ன சொன்னாங்க?

தார்மோ: இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷத்தைப் பத்தி இப்பப் பேச வேண்டாம்னாங்க. இன்னொரு அடி விழுந்தா ஹாக்கியைப் பத்திப் பேச்சு இருக்காது, இவன் தனியா ரோட்டைக் கடக்க முடியுமான்னுதான் பேச வேண்டியிருக்கும்னு சொன்னாங்க.

மர்யுத்: ...தண்ணி இருக்கா?

தார்மோ: இந்தாங்க. மெதுவா.

மர்யுத்: மூணு வாரம் எங்கிட்ட மறச்சிருக்கீங்க. கடையில பாத்தப்ப கூட, 'ஓய்வுல இருக்கான், நல்லாருக்கான்'னு சொன்னீங்க.

தார்மோ: சொன்னேன். இன்னிக்கும் அப்படியே அனுப்பிரலாம்னுதான் பாத்தேன். ஃபார்ம் இல்ல, அளவு இல்லைன்னு சொன்னா நீங்க என்னைத் திட்டிட்டுப் போயிருவீங்க. கோச்தான் சரியில்லைன்னு ரெண்டு பேருமா சேர்ந்து என்னை வெறுத்துக்கலாம். பயலுக்கு அதுல கொஞ்சம் லேசா இருக்கும்னு தோணுச்சு.

மர்யுத்: உங்களை வெறுக்கவா? எனக்கு அந்த யோக்யதை இல்ல தார்மோ.

தார்மோ: ஏன் இப்படிப் பேசறீங்க?

மர்யுத்: ஜனவரி அடிக்கு அப்புறம் கிளப்புல ஒரு காகிதம் கேட்டாங்க இல்ல... பத்து நாள் வீட்டுல பாத்துட்டு, தலைவலி இல்ல, குமட்டல் இல்லைன்னு பெத்தவங்க எழுதிக் குடுக்கணும்னு.

தார்மோ: ஆமா. குடுத்தீங்க.

மர்யுத்: அது பூராப் பொய். எட்டாவது நாள் சாப்பாட்டு மேஜையில தலையை வச்சுப் படுத்திருந்தான். 'வலிக்குதாடா?'ன்னேன். 'கொஞ்சம்தாம்மா, நீ எழுதிரு'ன்னான். எழுதிட்டேன். பேனா எங்கன்னு கூடத் தேடல, பையிலயே இருந்துச்சு.

தார்மோ: அவன் கெஞ்சியிருப்பான்.

மர்யுத்: அவன் கெஞ்சினதுனால மட்டும் இல்ல. அதைச் சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன். ஸ்வீடன்ல இருந்து அவனைப் பாக்க ஆள் வர்ற வாரம் அது. வேலை செய்யற எடத்துல எல்லாரும், 'உன் பையன் எப்ப அமெரிக்கா போறான்?'னு கேக்கறாங்க. ஒருத்தி எங்கிட்ட அவன் கையெழுத்துக் கேட்டா, இப்பவே வாங்கி வச்சுக்கறேன்னு. எனக்கு நல்லா இருந்துச்சு தார்மோ. அவன் வலியை விட அது எனக்கு நல்லா இருந்துச்சு.

தார்மோ: போதும் மர்யுத்.

மர்யுத்: போதாது. இன்னிக்கு இங்க எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியல. திரையையும் பாத்தேன், பாலையும் பாத்தேன். எல்லாத்தையும் பாத்துட்டு, அவனை இறக்குங்கன்னு உங்ககிட்ட சண்டை போட வந்திருக்கேன். நீங்க சரின்னு சொல்லியிருந்தா... நான் என்ன பண்ணியிருப்பேன்?

தார்மோ: சொல்லலையே.

மர்யுத்: சொல்லல. யாராவது ஒருத்தர் முடியாதுன்னு சொல்லணும்னுதான் வந்தேனோ என்னவோ.

தார்மோ: அவன் இப்ப எங்க?

மர்யுத்: வெளிய, கார்ல. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். 'நீ பேசிட்டு வாம்மா, நான் உள்ள வரல'ன்னான். உள்ள லைட் எல்லாம் எரியுதே, அதான்.

தார்மோ: கோட்டைப் போடுங்க.

மர்யுத்: எப்படிச் சொல்லப் போறேன் அவன்கிட்ட? உன் தலையில ரெண்டாவது அடி விழுந்ததுக்குக் காரணம் உன் அம்மாடான்னு எப்படிச் சொல்வேன்? அந்தக் காகிதம் இல்லைன்னா பிப்ரவரில அவன் வலைக்கு முன்னால நின்னிருக்கவே மாட்டான். நீங்க அதை நம்பி இறக்கினீங்க.

தார்மோ: நம்பி இறக்கல மர்யுத். காகிதம் வந்த அன்னிக்குச் சாயங்காலமே, பயிற்சில முதல்ல அடிச்ச அஞ்சு வட்டுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. வட்டு கிளம்பறதுக்கு முன்னாடியே மண்டி போட்டுட்டிருந்தான். கண்ணு தெரியாம ஊகிக்கறவன்தான் அப்படி இறங்குவான். ஜெயிச்சுட்டிருந்தோம்... உங்க கையெழுத்து இருக்குன்னு வாயை மூடிக்கிட்டு நாலு மேட்ச் அவனைக் கோலுல நிக்க வச்சேன். அந்த நாலாவதுதான் ரௌமா. வாங்க, நானும் கார் வரைக்கும் வர்றேன். நான் மொதல்ல பேசறேன்.