அவுக மூக்குக்குத் தோதா ஒரு கண்ணாடி

இல்ல மேடம், எனக்கு இல்ல. எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது. எங்க வீட்டுக்காரவுகளுக்குத்தான். இந்தா, இதுதான் அவுக பழைய கண்ணாடி. மெஷின்ல வச்சுப் பாத்தா பவர் என்னன்னு தெரிஞ்சிரும்லா? ஐயோ, துடைக்காதிய மேடம். அந்தத் துணியைக் கீழ வைங்க. அழுக்கா இருந்தாலும் இருக்கட்டும். அப்படியே வச்சுப் பாருங்க, தெரியுத மட்டுக்கும் தெரியட்டும்.

எவ்வளவு வருது? வலது ஒன்பதா? இடது ஒன்பதே கால். ம், அவுக சொல்லுத கணக்கும் அதுதான். மைனஸ்.

ஆமா, பெரிய பவருதான். கண்ணாடியக் கழட்டிட்டா என்னையவே தெரியாது, பாத்துக்கிடுங்க. சேலைக் கலரை வச்சுத்தான் கண்டுபிடிப்பாக. அச்சன்புதூர்ல ஒரு கல்யாண வீடு. பந்திக்குப் போறதுக்கு முன்னால மூஞ்சி கழுவக் கண்ணாடியக் கழட்டிருக்காக. பக்கத்துல பச்சைச் சேலை கட்டுன பொம்பள ஒருத்தி நின்னிருக்கா. அவ கையப் புடிச்சு, ஏட்டி, சாப்பிடப் போவமான்னு கேட்டுட்டாக. அவ யாருன்னா மாப்பிள்ளைக்குச் சித்தி! எனக்கு மானமே போச்சு. அன்னையில இருந்து வெளிய தெருவுக்குப் போனா, நான் என்ன கலர்ச் சேலை கட்டிருக்கேன்னு வாசல்லயே நிறுத்தி மேலயும் கீழயும் பாத்து மனப்பாடம் பண்ணிக்கிடுவாக. சிரிங்க மேடம், சிரிங்க. நானும் சிரிச்சவதான்.

உங்களுக்கு என்னைய ஞாபகம் இருக்காது. போன வருசம் குத்துக்கல்வலசையில எங்க பிள்ள படிக்குத பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் போட்டிய. நிவேதான்னு எம்பொண்ணு, ரெண்டாங்கிளாஸ். அப்பாவுக்கு ஒன்பது பவருன்னா பிள்ளைக்கும் வந்துருமோன்னு ஒரு பயத்துல நானும் கூட வந்திருந்தேன். நீங்க பாத்துட்டு, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, அவ அப்பாவ ஒரு நாள் கடைக்குக் கூட்டிட்டு வாங்க, தடி கண்ணாடியெல்லாம் அந்தக் காலம், இப்ப எவ்வளவு பவர்னாலும் மெலிசாப் போட்டுரலாம்னு சொன்னிய. அந்த வார்த்தைய நான் விடவே இல்ல மேடம். வீட்டுக்குப் போயி நச்சுநச்சுன்னு அவுக உயிர எடுத்துட்டேன். தீபாவளி போவட்டும்னாக. போச்சு. பொங்கல் போவட்டும்னாக. அதுவும் போச்சு. குத்தாலச் சீசன் முடியட்டும்னாக.

இல்ல, அவுகளக் கூட்டிட்டு வர முடியாது. அதான் நான் வந்திருக்கேன்.

வேலைன்னு இல்ல. சுரண்டை மார்க்கெட்ல கமிஷன் கடையில எடை போடுதாக. மந்திரமூர்த்தின்னு பேரு. ஆனா அங்கன போயி மந்திரமூர்த்தி எங்கன்னு கேட்டா ஒருத்தனும் காட்டமாட்டான். சோடாபுட்டின்னு கேட்டாத்தான் கைய நீட்டுவான். மூஞ்சிக்கு நேரா சிரிச்சுக்கிடுவாக. வீட்டுக்கு வந்து, இந்தச் சவத்த மாட்டிக்கிட்டுத் திரியுததுக்குக் குருடனாவே பொறந்திருக்கலாம்னு அதக் கழட்டிக் கட்டில்ல எறிவாக. எறிஞ்சுட்டு, பொறவு அது எங்கன கெடக்குன்னு தெரியாம மெத்தையத் தடவிக்கிட்டே இருப்பாக. நாந்தான் எடுத்துக் கொடுப்பேன்.

நீங்க சொல்லுதது வாஸ்தவந்தான் மேடம். பவர் மாறியிருக்கும், கண்ணைத் திருப்பி டெஸ்ட் பண்ணணும், ரெண்டு கண்ணுக்கும் நடுவுல தூரம் அளக்கணும், மூக்குல சரியா உக்காருதான்னு பாக்கணும். இப்படிச் சொல்லுத ஆளுகிட்டதான் வாங்கணும்னு நெனச்சேன். இந்தப் பழசை வாங்குன எடத்துல ஒண்ணும் பாக்கல. ஃபிரேமைக் காட்டுனாக, இவுக தலைய ஆட்டுனாக, கதை முடிஞ்சுது. போட்ட நாள்ல இருந்து தலைவலி. படி எறங்கும்போது தரை எங்கயோ பள்ளத்துல இருக்க மாதிரி இருக்குன்னு சொல்லுவாக. அதுபோக வேர்வையில வழுக்கிக்கிட்டே எறங்கும். மூட்டையத் தூக்கித் தராசுல வைக்கும்போது ஒரு கை மூட்டையில, ஒரு விரல் மூக்குல. எந்நேரமும் அதத் தள்ளிக்கிட்டேதான் இருப்பாக.

அதனால நீங்க என்ன கேக்கணுமோ எங்கிட்டக் கேளுங்க. எனக்கு எல்லாம் தெரியும். மூக்குத்தண்டு மேல ஒடுக்கம், கீழ வரவரப் பரப்பு. வலது காது எடது காதைவிடக் கொஞ்சம் மேல இருக்கும். எந்தக் கண்ணாடி மாட்டுனாலும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். அதுக்குக் காதுல மாட்டுத கம்பியை நீங்க வளைச்சுத்தான் தரணும். மூக்குல ரெண்டு பக்கமும் தடம் விழுந்துபோச்சு, மொச்சைப்பயறு அளவுக்கு, கருப்பா. படுக்கும்போது கண்ணாடியக் கழட்டுனா அதுதான் முதல்ல தெரியும். நான் அதுல வெரல வச்சுத் தேச்சு விடுவேன். வலிக்காதுட்டி, அது செத்த தோலுன்னு சொல்லுவாக.

இந்தக் கோல்டு வேண்டாம் மேடம். கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்குன்னு அதுக்கு வேற கிண்டல் பண்ணுவானுவ. அந்தக் கறுப்பைக் காட்டுங்க. இது அகலம் கூடுதல்லா? ஓ, கண்ணாடி சின்னதா இருந்தாத்தான் ஓரம் தடிக்காதா? நடுவுல மெலிசு, ஓரத்துலதான் தடியா வரும், ஓரத்தை வெட்டிட்டா தடிப்பும் போயிரும். இப்ப புரியுது. அப்ப இந்தச் சின்னது. மூக்குல உக்காருத இது ரப்பர் மாதிரி இருக்கே, இது வழுக்காதுல்லா? நல்லது. வெளிச்சம் அடிக்காத கோட்டிங்கும் போட்டுருங்க. கண்ணாடிக்குப் பின்னால அவுக கண்ணு நல்லாத் தெரியணும். இந்தப் பழசுல பாத்தா வளையம் வளையமாத்தான் தெரியும், கண்ணு எங்கயோ உள்ள போயிச் சின்னதா இருக்கும். அவுக கண்ணு அப்படி இல்ல மேடம், நல்ல பெரிய கண்ணு. எனக்கும் எம்பிள்ளைக்கும்தான் அது தெரியும்.

இன்னொண்ணு. பின்னால ஒரு வார் வச்சு இழுத்துக் கட்டுவாகளே, கிரிக்கெட் ஆடுத பிள்ளைக போடுமே, அது இதுல மாட்டலாமா? குளிக்கும்போதும் கழட்டாம இருக்கத்தான். கோட்டிங் கெட்டுரும்னு சொல்லுதியளா? கெட்டா கெட்டுட்டுப் போவுது. அந்த வாரும் சேத்துப் போடுங்க.

என்னைக்குக் கெடைக்கும்?

ஒரு வாரமா? சென்னையில இருந்து வரணுமா? இல்ல மேடம், அப்படிச் சொல்லாதிய. எனக்கு நாளைக்குக் காலையில வேணும். விலை கூட ஆனாலும் பரவாயில்ல, மதுரையில எங்கயாவது கெடைக்குமான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். எங்க கொழுந்தன் மணிமுத்து ராத்திரியோட ராத்திரியா பைக்குல போயி வாங்கிட்டு வந்துருவான். போட்டுப் பாருங்க, நான் இருக்கேன்.

அங்கயும் இல்லையா. ஆர்டர் கொடுத்தாத்தான் செய்வாகளா.

நாளைக்கு என்ன அவசரம்னு கேக்கிய. சொல்லுதேன். முதல்ல அளவை எடுத்துருவோம். அவுக வராட்டி அளவு எடுக்க முடியாதுன்னு சொன்னியள்லா, அதுக்கும் ஆளு கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். வெளிய பைக்குல உக்காந்திருக்காம்லா, அவந்தான் மணிமுத்து. அவுக தம்பி, எங்க கொழுந்தன். பவருதான் இல்ல, மத்தபடி ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. எங்க கல்யாண வீட்லயே எங்க சித்தப்பா அவனுக்கு மாலைய நீட்டிட்டாரு. ஏய் மணிமுத்து, உள்ள வாப்பா. ஹெல்மெட்டோட உக்காந்தா மேடம் எப்படி அளப்பாக? கழட்டு. பரவாயில்ல, கழட்டுப்பா.

இங்கன உக்காரு. நேரா பாரு. மேடம் தன் மூக்கு நுனியப் பாக்கச் சொல்லுதாகல்லா, பாரு.

எந்தக் கோயிலுக்குன்னா கேக்கிய? திருச்செந்தூர் இல்ல மேடம். இது கோயில் மொட்ட இல்ல. அண்ணனுக்குப் போட்டது. கொள்ளி வச்சது இவந்தான், எங்களுக்கு ஆம்பளப் பிள்ள இல்லல்லா.

ஸ்கேல ஏன் மேடம் கீழ வச்சிட்டிய? அளங்க. அவன் அழுதா அழட்டும், நீங்க அளங்க. நான் அழலையே.

குத்தாலத்துலதான். சாரல் நல்லா விழுதுன்னு அன்னைக்குக் காலையில போனோம். எப்பவும் செய்யுத மாதிரி கண்ணாடியக் கழட்டி எங்கிட்டக் கொடுத்தாக, ரோஸ் சேலை, சரி, நடுப்பாறைகிட்ட நில்லுன்னு சொல்லிட்டு உள்ள போனாக. அருவிக்குள்ள கண்ணாடியோட யாரு போவா? எல்லாரும் கழட்டித்தான் கொடுப்பாக. திடீர்னு தண்ணி செம்மண் கலர்ல வந்துச்சு. விசில் அடிச்சாக. அத்தனை சனமும் வலது பக்கம் ஓடுச்சு. இவுக மட்டும் நின்ன எடத்துலயே நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் பாக்காக. நான் முந்தானைய அவுத்துக் கையில வச்சு வீசுதேன், இங்கன, இங்கனன்னு கத்துதேன். அந்த எரைச்சல்ல எங்க கேக்கும்? எடது பக்கம் ஒரு பொம்பள ரோஸ் சேலையில நின்னுருக்கா போல. அங்கன பாத்து ஒரே ஓட்டமாப் போனாக. பாறையில்ல அது, தடாகம்.

இல்ல, தண்ணி குடிக்க வேண்டாம். மணிமுத்துக்குக் கொடுங்க.

நாளைக்குப் பதினாறு. வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் எடுத்தாச்சு. அவுகளுக்குப் பிடிச்சத எல்லாம் செஞ்சு படைக்கணும். அத்தை கேட்டாக, வேற என்ன வைக்கன்னு. கண்ணாடின்னேன். கோட்டிக்காரி மாதிரிப் பேசாதன்னாக. பதினாறு முடியாம நான் வாசல் தாண்டக் கூடாது மேடம், அத்தை மத்தியானம் கண்ணசந்த நேரம் பாத்துத்தான் வந்திருக்கேன். நாளைக்கு இந்தக் கழுத்துல கெடக்கதையும் எடுத்துருவாக. அதெல்லாம் எடுக்கட்டும். பதினாறு முடிஞ்சா எங்க வீட்டுக்காரவுக இந்த வீட்ட விட்டுப் போயிருவாகன்னு எல்லாருந்தான் சொல்லுதாக. ஒத்தையில, இருட்டுல, ஒன்பது பவரை வச்சுக்கிட்டு எப்படிப் போவாக? நீங்களே சொல்லுங்க.

பழசையே வச்சிரலாந்தான். தரமாட்டேன். அது எனக்கு.

வெறும் ஃபிரேம் போதும்லான்னு கேக்கிய. பவர் இல்லாத கண்ணாடி ஏன் மேடம், அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வந்து ஒங்க உயிர எடுக்கேன். படையலுக்குப் பொம்மை வைக்கல. போட்டுப் பாத்தா தெரியணும்.

இப்ப கடையில இருக்கது அந்தத் தடி கண்ணாடிதான், என்ன? ஒரு மணி நேரத்துல மாட்டிக் கொடுத்துருவியளா?

அவுகளுக்குப் பிடிக்காது. கையில வாங்குனதும் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிடுவாக, ஏட்டி, மெலிசா வாங்கித் தாரேன்னு ஒரு வருசமாச் சொன்ன, கடைசியில இதத்தானான்னு. என்ன செய்ய மேடம். அதையே போடுங்க. நாங்க இங்கன பெஞ்சுல உக்காந்திருக்கோம். வலது ஒன்பது, எடது ஒன்பதே கால். வலது எடது மட்டும் மாறிராமப் பாத்துக்கிடுங்க.