ஹமாசே மக்கள் ஓடிய காட்சி

நீங்கள் கொண்டுவந்த பயறு இனிப்பு மெத்தென்று இருக்கிறது, மிசுஹோ. பல் போன கிழவன் என்று விசாரித்தே வாங்கியிருக்கிறீர்கள்.

பிரேசிலில் ஒரு மூடிக்கிடந்த தியேட்டரில் எங்கள் படம் அகப்பட்டதையும், உங்கள் காப்பகம் அதைப் புதுப்பித்ததையும் பேப்பரில் படித்தேன். வேற்றுக் கிரகத்தார் இறங்கும்போது ஊர் ஓடுகிற காட்சியை, ‘போரில் தோற்ற தேசத்தின் ஆழ்மனப் பீதி’ என்று ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். அப்படி நடிக்க வைத்தது எப்படி என்று கேட்கிறீர்கள். யாரும் நடிக்கவில்லை.

நான் அப்போது உதவி இயக்குநர். வடக்குக் கடற்கரையில் ஹமாசே என்ற மீனவர் ஊர். ஊர் முழுக்கத் துணை நடிகர்கள். பறக்கும் தட்டைப் பிறகுதான் ஸ்டுடியோவில் சேர்ப்பார்கள். வெறும் வானத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். கடற்பாசி உலர்த்தும் கிகுனோ என்ற பெண் ஓடாமலே நின்றுவிட்டாள்.

“என்னம்மா சிரிப்பு?” என்றேன்.

“மேல ஒரு காக்கா கூட இல்லையேங்க. எதப் பாத்துப் பயப்படறது? வேணும்னா எங்க மாமியார மேல ஏத்தி விடுங்க. விழுந்தடிச்சு ஓடறேன்.”

நானும்தான் சிரித்தேன். ஆனால் இயக்குநர் சிரிக்கவில்லை. “குராமோச்சி, சாயங்காலத்துக்குள்ள இவங்க மூஞ்சில பயம் வரலன்னா, நீ டோக்கியோவுக்கு ரயிலேறிடு” என்றார்.

கடல் பொங்கி வந்தால் அடிப்பதற்கென்று அந்த ஊரில் ஒரு மணி உண்டு. கேமராவை ஓட விட்டு, அதை அடித்தேன்.

பிரமாதமாக ஓடினார்கள். குன்றுக் கோயிலின் படிகளில் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஏறினார்கள். போஸ்டரில் நீங்கள் போட்டிருக்கும் முகம் கிகுனோவுடையது. குழந்தை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததால் அவள் மட்டும் கூட்டத்துக்கு எதிராக ஓடினாள். அந்த ஓட்டத்தை எந்த நடிகையிடமும் வாங்க முடியாது.

மணிக்குப் பொறுப்பான ஹதகேயாமா என் சட்டையைப் பிடித்தார். “தம்பி, இனிமே நான் அடிச்சா எவன்யா நம்புவான்?” அவரை உட்கார வைத்து, சாக்கே மது ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு எழுந்து போனார்.

மறு ஆண்டு ஊரிலேயே படத்தைக் காட்டினோம். தங்களைத் திரையில் பார்த்துக் கைதட்டினார்கள். அதன்பிறகு மணி லேசாக அசைந்தாலே பிள்ளைகள் வானத்தைக் காட்டி, “வந்துட்டாங்க, வந்துட்டாங்க” என்று விளையாடுவார்களாம்.

அதற்கடுத்த வசந்தத்தில் கடல் உண்மையாகவே வந்தது. விடியற்காலை. ஹதகேயாமா அலை எட்டும்வரை மணியடித்தார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். “மறுபடியும் ஷூட்டிங்கா? தூங்க விடறானுங்களா பாரு” என்று புரண்டு படுத்தவர்கள் அப்படியே போனார்கள். சிலர் நல்ல உடுப்பு மாட்டிக்கொண்டு கேமராவைத் தேடிக் கடற்கரைக்கே இறங்கியிருக்கிறார்கள். கிகுனோவையும் குழந்தையையும் சேர்ந்தாற்போலக் கண்டெடுத்தார்கள்.

கடலை நான் அனுப்பவில்லை. நான் செய்ததெல்லாம் ஒரு நல்ல காட்சி. அது இல்லையென்றால் அந்த முகங்களை இன்று யார் பார்ப்பார்கள்?

சிறப்புத் திரையிடலுக்கு ஹமாசேயில் மிஞ்சியவர்கள் வருகிறார்களாமே. என்னை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் கைதட்டும்போது எழுந்து வணங்க வசதியாக இருக்கும்.