இருபதாவது துணி

கத்தி பிடித்தே பழகிய கையில் இன்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, என் ஒவ்வொரு நிமிடத்தையும் அறுத்துக்கொண்டிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே! இந்த மருத்துவமனையை இரவும் பகலும் இயக்கும் ஊழியர் சங்கப் பெரியோர்களே! வார்டுக்கு வெளியே காத்திருந்து காத்திருந்தே காலம் கழித்த தாய்மார்களே! எனக்கு முன்னால் மதத்தின் பக்கம் நின்று முழங்கிவிட்டு, இப்போது நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் அவர்களே! ஆறு மணி டியூட்டிக்கு நேரமாகிறது என்று கதவோரத்திலேயே நிற்கும் தியேட்டர் சிஸ்டர் அவர்களே! முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, 'இவன் என்ன உளறப் போகிறானோ' என்று பார்க்கும் என் அம்மா அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

'அறிவியலா? மதமா?' இதுதான் தலைப்பு. நான் இயற்பியல் படிப்பவன். அதனால் என்னை அறிவியலின் பக்கம் பேசச் சொன்னார்கள். பதினான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பதினான்கு பக்கமும் வீட்டில் இருக்கின்றன.

கை தட்டாதீர்கள். அதைவிட நீளமாகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

நான் சொல்லப்போவது ஒரு காலைப்பொழுது. போன வருடம். இதே கட்டடம், இரண்டாம் மாடி, ஆபரேஷன் தியேட்டரின் கதவு. உள்ளே என் அக்கா. வயிற்றில் கட்டி. கத்தி பிடித்தவர், இன்று தலைமை தாங்கும் நம் தலைவர்தான். இதைப் பேச அக்காவிடமும் அனுமதி கேட்டேன், தலைவரிடமும் கேட்டேன். "உண்மையைச் சொல்லுப்பா. ஆனா கொஞ்சம் நல்லவனா காட்டு" என்றார் தலைவர். முயற்சி செய்கிறேன், ஐயா!

உள்ளே அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்பார்கள். உங்களுக்குத் தெரியும். "உடம்புல வளையல், தோடு, கயிறு ஏதாவது இருக்கா?" இல்லை என்றாள் என் அம்மா. பொய்! அக்காவின் முழங்கைக்கு மேலே, சட்டைக் கைக்குள்ளே, ஒரு பெரியவர் வேண்டிக் கட்டிவிட்ட கயிறு ஒன்று இருந்தது. அம்மா, மன்னித்துக்கொள். சபையில் சொல்லிவிட்டேன்.

உள்ளே மேசையில் படுக்க வைத்த பிறகு சிஸ்டர் அதைக் கண்டுபிடித்தார். வெட்டினார். அன்று தியேட்டரில் உதவிக்கு ஆள் குறைவு. வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன் ஒருவரை உள்ளே நிறுத்தியிருந்தார்கள். அவரிடம் கயிற்றைக் கொடுத்தனுப்பினார். கதவு பாதி திறந்தது.

"யாரோடதுங்க இது?"

அம்மா கையை நீட்டினாள். நான் நடுவில் பாய்ந்தேன். பாய்ந்தது நானா? என் படிப்பு!

"அண்ணே, அப்படியே குடுக்காதீங்க. பத்து நாள் வேர்வையில ஊறின கயிறு. எவ்வளவு கிருமி இருக்கும் தெரியுமா? எதுலயாவது சுத்திக் குடுங்க."

"படிச்ச பிள்ளை சொல்றீங்க, சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணன் உள்ளே போனார். வெள்ளைத் துணி ஒன்றில் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மா வாங்கினாள். விரல்களை மூடினாள்.

"இவ வெளிய வர்ற வரைக்கும் கைய திறக்க மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்."

"ஏம்மா, உன் விரலுக்கும் அவ வயித்துக்கும் என்ன சம்பந்தம்?"

"உன் வாய்க்கும் மூளைக்கும் இருக்கிற சம்பந்தம்தான். சும்மா இரு."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று வராண்டாவில் இருந்தவர்களும் இப்படித்தான் சிரித்தார்கள்.

இனி உள்ளே போவோம். உள்ளே நடந்ததைத் தலைவரும் சிஸ்டரும் பிறகு சொல்லக் கேட்டேன். இதோ, கதவோரம் நிற்கும் இந்தச் சிஸ்டர் பக்தி உள்ளவர். கை கழுவும்போது அவர் உதடு அசையும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் கழுவி முடித்து, ரத்தம் ஒற்றி எடுக்கும் துணிகளை எண்ணும்போது? அவர் கடவுளைக் கூப்பிடவில்லை. இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேர், வாய்விட்டு, ஒவ்வொன்றாக எண்ணினார்கள். இருபது துணி. பலகையில் எழுதினார்கள். ஒவ்வொரு துணியிலும் ஒரு நீலக் கோடு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக. வயிற்றை மூடுமுன் மறுபடி எண்ண வேண்டும். மறுபடியும் இருபது வர வேண்டும்.

கட்டி வெளியே வந்தது. ரத்தம் நின்றது. எல்லாம் சுபம். எண்ணினார்கள். பத்தொன்பது!

மறுபடி எண்ணினார்கள். பத்தொன்பது!

ஒரு துணி வயிற்றுக்குள் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டுமா? சீழ் பிடிக்கும். ஆளைக் கொல்லும். சரி, தேடலாம். தேடத் தேட வயிறு திறந்தே கிடக்கும். எக்ஸ்ரே எடுக்கலாமே என்கிறீர்களா? மெஷின் பக்கத்துக் கட்டடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "பிரஷர் இறங்குது. சீக்கிரம் முடிங்க."

நம் தலைவர் உள்ளே கைவிட்டுத் துழாவினார். நிமிர்ந்தார்.

"உள்ள எதுவும் இல்ல சிஸ்டர். இருபத்திரண்டு வருஷமா இந்தக் கை பாக்குது. எனக்குத் தெரியும். ஊசி குடுங்க."

"எனக்குத் தெரியலையே சார்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நிறைய இருக்கு சார். துணிதான் இல்ல. கணக்கு வரட்டும், ஊசி தர்றேன்."

பெரியோர்களே! 'நம்பு' என்றது யார்? நாடெங்கும் அறிவியலின் அடையாளமாய் நிற்கிற வெள்ளைக் கோட்டு! 'காட்டு' என்றது யார்? கை கழுவும்போது கடவுளை வேண்டிய உதடு! அன்று அந்த அறைக்குள் மதம் எந்தப் பக்கம் நின்றது? அறிவியல் எந்தப் பக்கம் நின்றது? என் பதினான்கு பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை.

தலைவர் சிரிக்கிறார். ஐயா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள். உங்களை நல்லவராகக் காட்டும் இடம் வந்துகொண்டே இருக்கிறது.

கதவு படாரென்று திறந்தது. எண்ணுவதற்குத் துணை நின்ற சிஸ்டர் வெளியே ஓடி வந்தார். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார். "நீலக் கோடு போட்ட துணி யாராவது பாத்தீங்களா? வெள்ளைத் துணி?"

நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், ஒரு நூல் அளவு நீலம்.

நடந்தது இதுதான். ஆரம்பத்திலேயே, இருபதையும் எண்ணி முடித்த கையோடு, ஒரு துணி தரையில் விழுந்திருக்கிறது. விழுந்த துணியானாலும் வயிற்றை மூடும்வரை அறையைவிட்டுப் போகக்கூடாது. அது தியேட்டர் ஆட்களின் விதி. வார்டு அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்? கீழே விழுந்த துணிதானே, யாருக்கும் உதவாதே என்று எடுத்துச் சுற்றிவிட்டார். உள்ளே தேடும்போது அவர் வார்டுக்குத் திரும்பிப் போயிருந்தார். சுற்றச் சொன்னது யார்? என் படிப்பு. என் கிருமி. என் அருவருப்பு.

"அம்மா, கைய திற!"

"மாட்டேன். வேண்டியிருக்கேன்."

"அம்மா, இது மூடநம்பிக்கை!"

கை இறுகியது.

"உன்னால அவ சாகப் போறா!"

இன்னும் இறுகியது. நான் கத்தினேன். காரணம் சொன்னேன், கணக்குச் சொன்னேன், கண்டபடி பேசினேன். எத்தனை நிமிடம்? தெரியாது. உள்ளே பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சிஸ்டர் என்னை ஒதுக்கிவிட்டு அம்மாவின் முன்னால் மண்டியிட்டார். கையைத் தொடவில்லை.

"அம்மா, உள்ள ஒரு துணி குறையுது. அது உங்க பொண்ணு வயித்துக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு தெரியாம மூட முடியல. உங்க கையில இருக்கிறது அதுதானான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

"திறந்தா வேண்டுதல் போயிடுமேம்மா?"

"போகுமா, போகாதான்னு எனக்குத் தெரியாதும்மா."

அம்மா நிமிர்ந்தாள். "தெரியாதா?"

"தெரியாது."

தாய்மார்களே! அதுவரை அம்மாவிடம் எல்லோரும் தெரிந்ததையே சொன்னார்கள். கயிறு கட்டியவருக்கு எல்லாம் தெரியும். மகனுக்கு எல்லாம் தெரியும். 'தெரியாது' என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்கு அம்மா இடம் கொடுத்தாள்.

"பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றாள். திறந்தாள்.

உள்ளங்கையில் நான்கு நகத்தடம். நடுவில் கசங்கிய துணி. நீலக் கோடு.

இருபது! உள்ளே இரண்டு குரல் சேர்ந்து சொன்னது கதவைத் தாண்டிக் கேட்டது. அதற்குப் பிறகுதான் ஊசி கை மாறியது.

ஆக, தலைவர் சொன்னது சரி. உள்ளே எதுவும் இல்லை. சாயங்காலம் அவரே எங்களிடம் வந்தார். நான் பாராட்டப் போனேன். தடுத்துவிட்டார். இதோ அவர் சொன்னது, ஒரு எழுத்து மாற்றாமல்:

"நான் சொன்னது சரியாப் போச்சு தம்பி. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கல. தெரியும்னு நெனச்சேன். அடுத்த தடவை இதே மாதிரி நெனச்சு, உள்ள இருந்துட்டா?"

இதைச் சொல்ல எத்தனை பெரிய மனம் வேண்டும்! ஐயா, நல்லவராகக் காட்டிவிட்டேன். கடிகாரத்தைக் கீழே வையுங்கள்!

ஸ்ட்ரெச்சர் அண்ணனை யாரும் திட்டவில்லை. தியேட்டர் சுவரில் ஒரு வரி மட்டும் புதிதாக ஏறியது: 'கீழே விழுந்ததும் கணக்கில் சேரும்.' எனக்கு நானே அதைப் பல நாள் சொல்லிப் பார்த்தேன். என்னைவிடக் குறைவாகப் படித்தவர்கள் என்று நான் கணக்கில் சேர்க்காமல் விட்டவர்கள் எத்தனை பேர்?

அதற்காக எல்லாம் ஒன்று என்று சொல்லி நழுவ மாட்டேன். கயிறு கட்டியைக் கரைக்காது. அதை ஒளித்து அனுப்பியது தப்பு. அம்மாவே இப்போது ஒப்புக்கொள்வாள். என்னம்மா? பாருங்கள், தலையாட்டுகிறாள், பாதி. அவள் இன்றும் கும்பிடுகிறாள். நான் இன்றும் கும்பிடுவதில்லை. வீட்டில் இன்றும் சண்டை. ஆனால் சண்டையின் நடுவே இப்போது ஒரு கேள்வி வருகிறது: 'உனக்கு எப்படித் தெரியும்?' அவள் கேட்கிறாள். நானும் கேட்கிறேன். கேட்கும் வீடு உடையாது. கேட்கும் ஊர் எரியாது. எந்த மேடை 'கேட்காதே' என்கிறதோ, அது பிரார்த்தனை மேடையானாலும் சரி, பேராசிரியர் மேடையானாலும் சரி, அங்கே ஒரு துணி குறைகிறது! எண்ணுங்கள்! மறுபடி எண்ணுங்கள்!

நான்காவது வரிசை, நீலப் புடவை. அக்கா, கொஞ்சம் எழுந்து நில். முறைக்காதே. ஒரே ஒரு நிமிடம்.

இதோ நிற்கிறாள்!

அடடா, அம்மாவும் தட்டுகிறாளே! பார்த்தீர்களா? மூடிய கையால் கை தட்ட முடியாது. மூடிய கையால் கும்பிடவும் முடியாது. இரண்டுக்கும் விரல் திறந்தாக வேண்டும்.

சிஸ்டர், மணி ஆறாகப் போகிறது. நீங்கள் போய் எண்ணத் தொடங்குங்கள். இத்தனை நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. திறந்த இந்த இரண்டு கைகளையும் சேர்த்து, என் வணக்கம்.