சுங்கை திருச்செல்வம்

கிட்ட வாங்க. குகன், டார்ச்சை அணை... மெதுவா பேசுங்க. பவனேஷ் அந்தக் கடைசிப் பாயில தூங்குறான். அவன் மச்சானோட கதைதான் இது. வெள்ளத்துக்குப் பயந்து ஸ்கூல் மண்டபத்துல படுத்துக்கிட்டு, நமக்கு வேற என்ன வேலை?

மச்சான் பேரு திருச்செல்வம். பாலத்தோரம் 'சுங்கை' இன்னதுன்னு ஆத்துப் பேரு போட்ட போர்டு நடுறவரு. பவனேஷோட அக்கா செத்ததுலேருந்து புஞ்சாக் ஆலாம்ல ஒத்தை ரூம். வெளியில "பாஸ்"ம்பாங்க, "அண்ணே"ம்பாங்க. பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இல்ல. பாவம் லா.

போன மழைக்காலம். சாயங்காலம் ஏழு மணி. செம்பனைத் தோட்டத்து ரோடு... ஒரு லைட் கிடையாது. பத்தடி அகலத்துல ஒரு ஆறு. சின்னதுதான், ஆனா வருஷா வருஷம் தோட்டத்து ஆளுங்க லயத்து வீடுகளுக்குள்ள புகுந்துடும். மேப்புல பேர் இல்ல. அங்க இருக்கறவங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வரச் சொல்லி ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க. லயம் காலி. பாலத்துல ஒரு அம்மா மட்டும் நிக்குது. சேத்து வாடை... சேலையிலேருந்து சொட்டு... சொட்டு...

"இந்த ஆத்துக்கு என்ன பேரும்மா?"

"கடைசியா யாரைக் கொண்டு போச்சோ, அவங்க பேருதான். இப்ப சின்னத்தாய் ஆறு... உங்க பேரு என்ன தம்பி?"

அவரு பேரை யாரு கேட்டா, சொல்லுங்க? சந்தோஷமா சொல்லிட்டாரு. ஆபீஸ் ஃபாரத்துல சின்னத்தாய்னுதான் எழுதினாராம். போர்டு அடிச்சு வந்துச்சு... 'சுங்கை திருச்செல்வம்'.

எங்ககிட்ட சொல்லிச் சிரிச்சாரு. "என் பேரை இவ்வளவு பெரிசா யாருடா எழுதியிருக்கா?"ன்னு அவரே நடப் போனாரு.

திரும்பி வரல.

நானும் பவனேஷும் தேடிப் போனோம். அவரு லோரி பாலத்துல நிக்குது. போர்டு நேரா நட்டிருக்கு. தவளைச் சத்தம் காதை அடைக்குது. பவனேஷ் கரையில இறங்கினான். முழங்கால் தண்ணியில திருச்செல்வம்... சொந்த மச்சானை யாரோ மாதிரி பார்க்குறாரு.

"உங்க பேரு என்ன தம்பி?"

பவனேஷ் வாயைப் பொத்திக்கிட்டான். சொல்லல. நான்தான்... என்னைச் செருப்பால அடிக்கணும்... பாலத்துலேருந்து கத்திட்டேன்.

"பவனேஷ்! மேல வாடா!"

தவளையெல்லாம் சட்டுனு நின்னுச்சு.

அன்னிக்கு அவனை இழுத்துட்டு வந்துட்டேன். ஆனா இன்னிக்குச் சோறு குடுக்கறப்ப மைக்குல பேர் வாசிச்சாங்களே... அவன் பேருக்கு அவன் வாயைத் தொறக்கல. நான் பக்கத்துலதான் இருந்தேன்.

'இருக்கேன்'னு ஒரு சத்தம் வந்துச்சே... அது ஜன்னலுக்கு வெளியிலேருந்து.