பிலிமில் விழுந்த புள்ளிகளைப் பற்றி இரண்டாம் முறை சொல்வது

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை முதல் தடவை நான் கொடுத்த வாக்குமூலத்தின் தலைப்பில் இருக்கின்றன. அவற்றில் மாற்றம் இல்லை. வயது ஐம்பத்தாறு. எக்ஸ்ரே பிலிம் செய்யும் தொழிற்சாலையில் பூச்சுப் பிரிவில் இருபத்தேழு வருடமாக வேலை செய்கிறேன். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் நான் ஒருவன்தான். யாரும் கூப்பிட்டு அனுப்பாமல் நானாகவே இன்று காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்துக்கு வந்தேன். முதல் வாக்குமூலத்தில் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்பப் பெறுவதற்காக வந்திருக்கிறேன். அந்த வார்த்தையால் எங்கள் பிரிவில் மருந்து நிறுக்கும் ஆள் பன்னிரண்டு நாளாகச் சிறையில் இருக்கிறார். அவர் மேல் தவறு இல்லை. தவறு என்னுடையது.

எழுத்தருக்கு விளங்க வேண்டும் என்பதால் வேலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். பிலிமின் மேல் பூசுகிற கலவை வெள்ளி உப்பும் ஜெலட்டினும் சேர்ந்தது. நாங்கள் அதைப் பால் என்போம். அந்தப் பாலை அப்படியே ஓடவிட்டால் பிலிமின் மேல் சமமாகப் படியாது. ஓரங்கள் பின்வாங்கும், நடுவில் வரிவரியாகப் பிரியும். அது படிந்து பரவுவதற்காக ஒரு மருந்து சேர்க்கிறோம். பரவு மருந்து என்பது எங்கள் பேச்சு. முன்பு மரப்பட்டையிலிருந்து எடுத்த பொடியாக வந்தது, இப்போது குப்பியில் திரவமாக வருகிறது. ஒரு பெரிய தொட்டிப் பாலுக்கு ஒரு டம்ளர் கூடத் தேவைப்படாது. கூடினால் நுரை தள்ளும், குறைந்தால் ஓரம் சுருங்கும். இதை நிறுத்து ஊற்றுவதுதான் இப்போது சிறையில் இருப்பவரின் வேலை. வாய் ஓயாது என்பதால் எல்லோரும் அவரை ரேடியோ என்று கூப்பிடுவோம்.

இந்த மருந்தாலும் ஆகாத காரியம் ஒன்று உண்டு, அது எண்ணெய். பாலில் ஒரு பொட்டு எண்ணெய் விழுந்தாலும், எத்தனை மருந்து ஊற்றியிருந்தாலும், அந்தப் பொட்டைச் சுற்றிப் பால் விலகிக்கொள்ளும். காய்ந்த பிறகு அங்கே வட்டமாக ஒரு வெற்றிடம் இருக்கும். ஆகவே எங்கள் பிரிவில் தலைக்கு எண்ணெய் கூடாது, கைக்குக் களிம்பு கூடாது, முகத்துக்குப் பூச்சு கூடாது. வாசலில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அதன் மேல் மெல்லிய வெள்ளைத் தூளைத் தூவியிருப்போம். உள்ளே போகிற ஒவ்வொருவரும் பத்து விரலையும் அதில் நனைக்க வேண்டும். விரலில் எண்ணெய் இருந்தால் தூள் அதைக் கண்டு ஓடும். ஓடினால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்புகிற ஆள் நான். என்னைத் தட்டுக்காரர் என்பார்கள். புது மாப்பிள்ளையையும் அனுப்பியிருக்கிறேன், மேலாளரையும் அனுப்பியிருக்கிறேன். அதனால் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் விரலை நானே நனைத்துப் பார்த்துக்கொள்வேன். தட்டுக்காரரின் விரலை யார் பார்ப்பது என்று விதிப் புத்தகத்தில் எழுதவில்லை.

உள்ளே வெளிச்சம் ஆகாது. பிலிம் உருளைகளின் மேல் ஓடும் இடத்தில் மட்டும் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். தொட்டிப் பக்கம் அதுவும் இல்லை. அங்கே ரேடியோவும் நானும்தான். அவர் மருந்தை ஊற்றுவார். அதன் பிறகு பால் ஒரு துணி வழியாக வடியும். கரையாத கட்டி தங்குகிறதா என்று அந்தத் துணியை விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. கையுறை போட்டால் சின்னக் கட்டி தெரியாது, வெறும் விரல்தான். பதினான்கு வருடம் அந்த இருட்டில் அவர் பேசுவார், நான் ம் கொட்டுவேன். வெளியே வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு தலையாட்டலோடு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் யாருடனும் பேசுவதில்லை. திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

எனக்கு ஒரே மகள். அவள் சிறுமியாக இருந்தபோது வீட்டிலும் எண்ணெய் கூடாது என்று வைத்திருந்தேன். சமையலறைக் கதவை மூடித்தான் என் மனைவி தாளிப்பாள். மகள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஓடிவந்தால், கிட்ட வராதே என்று கையை நீட்டித் தடுத்துவிடுவேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, வேலை போய்விடும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அவள் வளர்ந்த பிறகு தானாகவே கிட்ட வருவதை நிறுத்திக்கொண்டாள். அவள் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு தபாலில் வந்தது. அம்மா இறந்தபோது வந்தாள், மூன்றாம் நாள் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை.

போன மாதம் முதல் ஞாயிறு மாலை மகள் முன்தகவல் இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். ஏழு மாதக் குழந்தையைக் கொண்டுவந்திருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று இரண்டொரு வார்த்தைதான் பேசிக்கொண்டோம். மறுநாள் காலை அவள் குழந்தையைக் குளிப்பாட்டுவதற்காக உடம்பு முழுவதும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் குழந்தையைத் தூக்கி என் முன்னால் நீட்டி, "வாங்கிக்கறீங்களா? இல்ல, இதையும் கிட்ட வராதேன்னு சொல்லப்போறீங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் வாங்கிக்கொண்டேன். குழந்தை வழுக்கியதால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அது விடவில்லை. சுமார் இருபது நிமிடம் வைத்திருந்தேன்.

அதன் பிறகு அவள் குழந்தையைக் குளிப்பாட்டி உடுத்தி, ஏழே முக்கால் பேருந்துக்குக் கிளம்பினாள். நான் நிறுத்தம் வரை பையைத் தூக்கிச் சென்றேன். பேருந்து புறப்பட்ட பிறகு அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்கு நடந்தேன். ஒன்பது மணிக்கு வாசலில் தட்டை வைத்து, தூளைத் தூவி, பதினோரு பேரின் விரல்களைப் பார்த்து உள்ளே விட்டேன். என் விரலை நனைக்கவில்லை. உள்ளே போய்த் தொட்டிப் பக்கம் நின்றேன்.

ரேடியோ மருந்தை நிறுத்து ஊற்றினார். எடைத் தட்டு இறங்கும் சத்தமும், குப்பியை மூடும் சத்தமும் கேட்டன. இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். அதன் பிறகு அவர், "என்னண்ணே, இன்னிக்கு உங்க பக்கம் குழந்தை வாசனை அடிக்குது?" என்றார். பேத்தி வந்திருந்தாள் என்றேன். அவர் இன்னும் ஏதோ கேட்டார், நான் சொன்னேன், அதன் பிறகு அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சினிடையில் வடிகட்டும் துணியை விரலால் தடவிப் பார்த்தேன். மதியம் வரை அந்தத் துணிதான் இருந்தது. மதியத்துக்குப் பிறகு மாற்றினோம்.

பிலிமின் தொடக்கத்திலிருந்தும் முடிவிலிருந்தும் மட்டுமே துண்டு வெட்டிச் சோதிப்பது எங்கள் வழக்கம். இரண்டு துண்டும் சுத்தமாக இருந்ததால் அந்தத் தொகுதி வெளியே போயிற்று. மூன்று வாரம் கழித்து ஒரு மருத்துவமனையில், நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்ட ஒருவரிடம் நுரையீரலில் இரண்டு புள்ளி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் நான்கு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாராம். மறுபடி எடுத்த படத்தில் புள்ளிகள் வேறு இடத்தில் இருந்ததால் கோளாறு பிலிமில்தான் என்று தெரிந்தது. அந்த மனிதரை எனக்குத் தெரியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், எங்கே கேட்பது என்று தெரியவில்லை.

அதன் பிறகு தொழிற்சாலையில் விசாரணை நடந்தது. அந்த நாள் எடைச் சீட்டில் ரேடியோவின் கையெழுத்து இல்லை. பேசிக்கொண்டே வேலை செய்கிறவர், கையெழுத்தை மறுநாள் சேர்த்துப் போடுவது அவர் வழக்கம், சில நாள் விட்டும் போகும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நாளுக்கு முந்தைய வாரம் மனைவியை மருத்துவரிடம் கூட்டிப்போக அவர் விடுப்புக் கேட்டு, மேலாளர் மறுத்து, "உங்க பிலிம் பூரா புள்ளி விழுந்து நாறட்டும்" என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் கத்தியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே மருந்து ஊற்றாமல் விட்டார் என்று புகார் கொடுத்தார்கள். எங்கள் வேதியியல் அதிகாரி அப்போது நீண்ட விடுப்பில் இருந்தார். இருப்பவர்களில் மூத்த ஆள் என்று என்னைக் கேட்டார்கள். மருந்து ஊற்றாவிட்டால் இந்த மாதிரிப் புள்ளி வருமா என்று காவல் ஆய்வாளர் கேட்டார். வரலாம் என்று சொன்னேன்.

வராது. மருந்து இல்லாவிட்டால் ஓரம் சுருங்கும், வரி விழும். அந்தப் பிலிமில் ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. புள்ளிகள் வட்டம். வட்டத்தின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு பொட்டு. அது எண்ணெய். விசாரணையில் அந்தப் பிலிம் துண்டை மேசையில் போட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. யாருடைய எண்ணெய் என்பதும் தெரிந்துவிட்டது. ஆகவே, வரலாம் என்ற வார்த்தையை இப்போது திரும்பப் பெறுகிறேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஆய்வாளர் இன்று கேட்டார். வேலை போகும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது, அது பெரிதில்லை. மகள் ஊருக்குப் போன பிறகு இரண்டு ஞாயிறு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். குழந்தையின் வாயருகே தொலைபேசியைப் பிடித்தாள். நான் உண்மையைச் சொன்னால், அவள் குழந்தையைத் தொட்டதால்தான் எல்லாம் கெட்டது என்று நானே போலீசில் எழுதிக் கொடுத்ததாக அவள் காதுக்குப் போகும். அப்பா மாறவே இல்லை என்று நினைப்பாள். அவள் மறுபடி கூப்பிட மாட்டாள் என்று பயந்தேன். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ரேடியோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். குழந்தை வாசனையை முகர்ந்தவர் அவர். எண்ணெய்ப் புள்ளி எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும். ஒரு நிமிடம் வாயை மூடத் தெரியாத மனிதர். அவர் சொன்னால் என்னைக் கூப்பிடுவார்கள், நானும் ஒப்புக்கொள்ளலாம் என்று இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவருடைய இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டார்கள். அவர் பேசுவதில்லை. இருட்டில் பால் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்படி ஒரு தனிமையை என் மனைவி இறந்த வருடத்திலும் நான் பட்டதில்லை.

நேற்று மதியம் பார்வையாளர் நேரத்தில் சிறைக்குப் போனேன். ரேடியோவை இவ்வளவு வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. தாடி நரைத்திருந்தது. "ஏன்ப்பா சொல்லல?" என்று கேட்டேன். எதை என்று கேட்டார். வாசனையை என்றேன்.  "பதினாலு வருஷமா நான் பேசுறேன், நீங்க ம் கொட்டுறீங்க. அன்னிக்கு ஒருநாள்தான் நீங்க பாட்டுக்குப் பேசினீங்க, பேத்தி காது இப்படி இருக்கு, பிடிச்சா விடமாட்டேங்குதுன்னு. அதைக் கொண்டாந்து போலீஸ்ல எப்படிண்ணே சொல்றது?" என்றார்.  சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். இன்று காலை வேலைக்குப் போகாமல் இங்கே வந்தேன்.

மேலே கண்டதை எழுதி முடித்த பிறகு எழுத்தர் எனக்கு நல்லது செய்ய நினைத்து, "பெரியவரே, கை கழுவ மறந்துட்டேன்னு போட்டுக்கறேன். அப்படின்னா கவனக்குறைவோட போயிடும். தெரிஞ்சே கழுவலன்னா அது வேற மாதிரி ஆயிடும்" என்றார். அவருக்கு நன்றி. ஆனால் நான் மறக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் குழாய் இருந்தது. தொழிற்சாலை வாசலில் சோப்பும் தண்ணீரும் இருந்தன. இரண்டு இடத்திலும் நின்றேன். குழந்தையின் வாசனை கையில் இருந்தது. கழுவ மனம் வரவில்லை. இருபத்தேழு வருடத்தில் தொழிற்சாலைக்காக நான் செய்யாமல் விட்டது இது ஒன்றுதான். இந்தத் தாளை என் மகள் ஒரு நாள் படிக்கக்கூடும் என்பதால், மறந்துவிட்டேன் என்று எழுத வேண்டாம் என்றும், தெரிந்தே கழுவவில்லை என்று எழுதும்படியும் கேட்டுக்கொண்டேன். அப்படியே எழுதினார்.

எழுதியதை எனக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லை. எல்லாம் உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தட்டுக்காரர், பூச்சுப் பிரிவு