கருப்புமூடியின் அடிவாசம்

சென்ட் போட்டதும் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்கக் கூடாது, மேடம். பாதிப் பேர் அந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். தேய்த்தால் மேல்வாசம் நசுங்கிப்போகும். சென்ட் பிரியர்களான எங்கள் முகநூல் குழுவில் என்னுடைய முதல் பதிவே அதைப் பற்றியதுதான். என் எழுத்தில் பிழை இருக்கும், மூக்கில் பிழை இருக்காது என்று குழுவில் கேலியாகச் சொல்வார்கள்.

செல்லூரில் நான் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஆனிமேரி டீச்சர் கொண்டை ஊசி வாங்கத்தான் முதலில் அங்கே வந்தார். வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அவர் நின்ற இடத்தில் ஒரு வாசம் மட்டும் நின்றது. நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

"என்னம்மா, எதையும் விட்டுட்டு வந்துட்டேனா?" என்று திரும்பினார்.

"இல்லங்கம்மா, நீங்க என்ன சென்ட் போட்டிருக்கீக?"

நடுத்தெரு என்றும் பார்க்காமல் சிரித்தார். அப்படித்தான் பழக்கமானோம்.

அது பழைய பிரெஞ்சு சென்ட். பெயர் வாயில் நுழையாது. மூடி கருப்பு என்பதால் எங்கள் குழுவில் அதற்குக் கருப்புமூடி என்றே பெயர். டீச்சரின் கல்யாணத்துக்கு அவர் வீட்டுக்காரர் சவரியப்பன் சார், கப்பலில் வேலை பார்த்த சிநேகிதர் மூலமாக வரவழைத்தது. சார் இறந்துபோய்விட்டார். நல்ல நாள், திருவிழாவுக்கு மட்டும் போட்டு, டீச்சர் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். அதே பெயரில் இப்போதும் கடையில் வருகிறது. அது வேறு சரக்கு, தோலில் நிற்காது.

டீச்சர் எனக்குக் கொஞ்சம் கொடுத்தார். சென்ட் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று குழுவுக்குக் காட்ட ஆசைப்பட்டு, கிடைத்தவர் கையில் எல்லாம் ஒரு சொட்டு வைத்துக் கருத்துக் கேட்டேன். ஆட்டோ ஓட்டும் சிவனாண்டி, "அக்கா, கல்யாண வீட்ல பொண்ணு ரூமுக்குள்ள தெரியாம நொழஞ்ச மாதிரி இருக்கு," என்று கூச்சப்பட்டான். பூக்காரி முத்துத்தாய் மூக்கைச் சுளித்து, "என்னத்தா இது, மல்லியப்பூவ உப்புல ஊறப்போட்டியா?" என்றாள். என் கையில் அது பழைய சூட்கேஸுக்குள் மறந்துபோன சோப்பு. என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை, "கொசு மருந்து அடிச்சா ஜன்னலத் தொறந்து விட மாட்டியா?" என்றார்.

டீச்சர் கையில் மட்டும்தான் மேடம், அது அதுவாக இருந்தது. முதலில் மல்லி மொட்டு, அந்தப் பச்சைக் காம்பின் வாசத்தோடு. பிறகு புதுச் செருப்பின் தோல், அப்போதுதான் இடித்த மிளகு. எனக்குத் தலை கிறுகிறுத்துச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். ஊஞ்சலில் வேகமாக ஆட்டிவிட்டால் வயிற்றில் ஒன்று எழும்புமே, அது.

"ஏ செல்வி, நாய்க்குட்டி கணக்கா எங் கைய மோந்துக்கிட்டே கெடக்கியே, வெக்கமா இல்ல?" என்பார்.

"இல்ல டீச்சர்."

"நீ வெளங்குவ."

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்போம்.

ஒரே ஒரு குறை. மல்லியும் மிளகும் போன பிறகு, ஆளின் தோலும் சென்ட்டும் ஒன்றாகிக் கடைசியில் ஒரு வாசம் நிற்கும். நாங்கள் அதை அடிவாசம் என்போம். சென்ட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. டீச்சருக்கோ இழுப்பு. மிளகு வாசம் எழும்பும்போதே மூச்சு வாங்கும். உடனே பம்ப்பை வாயில் வைத்து இழுப்பார், சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவார். கழுவும் தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் கேட்டாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன். அவர் தோலில் அடிவாசம் என்ன என்று அவருக்கே தெரியாது.

போன மாதம் ஆனையூரில் அவர் வீட்டுக்குப் போனபோது சொன்னார்: "டாக்டர் இனிமே சென்ட்டு பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு. ஆஷ்லின் வந்து பாட்டில எடுத்துக்கிட்டுப் போறேன்னிருக்கா. நாஞ் செத்தா மிச்சத்த எம் பெட்டியில ஊத்தச் சொல்லியிருக்கேன்."

ஆஷ்லின் அவர் மருமகள், சென்னையில் இருக்கிறாள். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் உடம்பின் மேல் சென்ட் தெளிப்பது அவர்கள் வழக்கம். மரியாதைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெட்டிக்குள் அதை யார் முகர்ந்து பார்ப்பது? நீங்களே யோசியுங்கள்.

மருமகள் வருவதற்கு முந்தின நாள் டீச்சரின் கல்யாண நாள். மத்தியானம் அல்வாவும் பூவும் வாங்கிக்கொண்டு போனேன். பட்டுச்சேலை கட்டச் சொன்னேன். ரேடியோவில் பழைய பாட்டு. "சார் ஆசையா வாங்கிக் குடுத்தது. கல்யாண நாளுக்கும் போடாம வேற எதுக்குப் போடப்போறீக?" என்றேன்.

"நீ என்னயக் கொல்லாம விட மாட்ட போ," என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அது பேச்சுக்குச் சொன்னது மேடம், அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, கழுத்து, காதுக்குப் பின்னால். தாராளமாகவே போட்டேன். காற்று வாசத்தைக் கலைக்கும் என்று ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். பம்ப் மருந்துக்கு ஒரு கசந்த வாசம் உண்டு, அதுவும் கலந்துவிடும். அதனால் அவர் சேலை மாற்றப் போனபோதே பம்ப்பை எடுத்து என் கைப்பையில் வைத்திருந்தேன். சென்ட் பார்ப்பவர்கள் இதையெல்லாம் கவனித்துத்தான் செய்ய வேண்டும்.

மல்லி வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் பாட்டுக்கு ஒரு சுற்று ஆடினார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. மிளகு வந்தது.

"செல்வி, பம்ப்ப எங்க வச்சேன்?"

"தேடுறேன் டீச்சர்."

தேடினேன். அலமாரி, தலையணைக்கு அடியில், மாதா படத்துக்குப் பின்னால், எல்லா இடத்திலும் உண்மையாகவே தேடினேன். என் கைப்பையில் மட்டும் தேடவில்லை. கையைக் கழுவ எழுந்தார். "இன்னுங் கொஞ்ச நேரம் டீச்சர்," என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அழுத்தவில்லை. பிறகு மணிக்கட்டை என் மூக்கின் கீழ் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பெரும்பாலும் கண்ணை மூடியிருந்தேன், அப்போதுதான் வாசம் தெளிவாகத் தெரியும்.

அடிவாசம் வந்தது மேடம். மழை நின்ற பிறகு மாதா கோயிலுக்குள் நுழைந்தால் ஈரக் கல்லும், அணைத்த மெழுகுவர்த்தியும், யார் தலையிலோ வாடிய பூவும் சேர்ந்து வருமே, அப்படி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. ஆனால் முழுசாக எழும்பவில்லை. பாதியிலேயே அமுங்கிப்போனது.

பக்கத்தில் உட்கார்ந்தபடியே பதிவு போட்டேன். "கருப்புமூடி அடிவாசம் கிடைத்துவிட்டது. ஒரு குறிப்பு: கை ஆற ஆற வாசம் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, மேலே வருவதில்லை." வாடிப்பட்டி ராம்கி, "யாரு கை ஆறுது அக்கா?" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். மிச்சச் சென்ட்டைப் பாட்டிலோடு வீட்டுக்குக் கொண்டுபோய் இருமல் மருந்துப் பாட்டிலில் பத்திரப்படுத்தினேன். கருப்புமூடிப் பாட்டிலில் என் கடை ரோஸ் அத்தரை ஊற்றி, மறுநாள் சாவு வீட்டில் அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மாட்டிக்கொண்டது அதில்தான். பெட்டியில் தெளித்ததும் ஆஷ்லின் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"இது அத்த சென்ட் இல்ல. இது கட அத்தரு," என்று சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். நல்ல மூக்கு அந்தப் பெண்ணுக்கு. பிறகு என் பதிவையும் அது போட்ட நேரத்தையும் தேடிப் பார்த்திருக்கிறாள். பம்ப்பை நீங்களே என் கைப்பையிலிருந்து எடுத்தீர்கள். நான் மறைக்கவில்லை, திருப்பி வைக்க மறந்துபோனேன்.

டீச்சரைக் கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னைப் போல அவர் மேல் பிரியம் வைத்தவர் யாரும் இல்லை.

உங்கள் மேஜையில் இருக்கும் அந்த இருமல் மருந்துப் பாட்டிலைக் கொஞ்சம் வெயில் படாத பக்கமாக நகர்த்தி வையுங்கள் மேடம். சற்று முன்னால் எனக்குத் தண்ணீர் கொடுத்தபோது உங்கள் விரல் பட்டது. நல்ல கதகதப்பான கை உங்களுக்கு, சீக்கிரம் ஆறாது. இழுப்பு இருந்தாலும் பயப்பட வேண்டாம், இந்தத் தடவை பம்ப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.